வீல் சூடானால் காலிப்பரை மாற்றத்தான் வேண்டுமா?

தூத்துக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: "என் ஹேட்ச்பேக் காருக்கு ஒன்பது வயதாகிறது. சில நாட்களாக ஓட்டும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. நிறுத்திப் பார்த்தால் முன்பக்க இடது வீல் மட்டும் அனலாகக் கொதிக்கிறது, கருகிய வாடையும் வருகிறது. இரண்டு பக்கக் காலிப்பரையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். அது அவசியமா? நானே மாற்றிக்கொள்ளலாமா?"

முதலில், காரணம் தெரியும்வரை இந்த வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள். வீலோடு சேர்ந்து சுற்றும் டிஸ்க்கை, இரு பக்கமும் பேட்களை வைத்துக் கவ்விப் பிடிக்கும் பாகம்தான் காலிப்பர். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருப்பதால்தான் இந்தச் சூடு உண்டாகிறது. டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டானால், பெடல் தரைவரை போகும்; வண்டி நிற்காது.

ஆனால் வீல் சூடாகிறது என்பதால் மட்டும் காலிப்பர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது. சிறிய கார்களின் முன்பக்கத்தில் பெரும்பாலும் ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர்தான் இருக்கும். பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தள்ள, காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பக்கப் பேடை இழுத்து அழுத்துகிறது. பெடலை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதற்கு ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அதைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல், அழுத்தத்தில் சற்றே முறுக்கிக்கொண்டு, அழுத்தம் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மிகச் சிறிதளவு பின்னால் கொண்டுவருகிறது. அந்த நூலிழை இடைவெளிதான் வீலைச் சுற்ற விடுகிறது. டஸ்ட் கவர் கிழிந்து உப்புக்காற்றும் ஈரமும் உள்ளே போனால், பிஸ்டனின் பளபளப்பான மேற்பரப்பில் துரு பொட்டுப் பொட்டாக அரித்துவிடும். பிறகு சீலால் அதைத் திருப்ப முடியாது. ஸ்லைடு பின் காய்ந்து இறுகினாலும் இதே விளைவுதான். மூன்றாவதாக, பலரும் பார்க்கத் தவறுவது, காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் குழாயான பிரேக் ஹோஸ். வெளியே நன்றாகத் தெரியும் ரப்பர் ஹோஸ், உள்ளே உப்பி வழியை அடைத்துக்கொண்டிருக்கலாம். கால் அழுத்தும் வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வராது.

இம்மூன்றில் எது என்பதை ஒரு சோதனை காட்டிவிடும். வீல் இறுகியிருக்கும் நிலையிலேயே, சமதரையில் நிறுத்தி, பின் வீல்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. சூடு தணிந்ததும் வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால், காலிப்பரின் பிளீடர் நிப்பிளில் (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகு) குழாய் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்துவிடுங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து வீல் உடனே விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது என்று பொருள். ஒரு வீல் மட்டும் பாதிக்கப்பட்டிருக்கும்போது ஹோஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரில் குறை என்றால் பெரும்பாலும் வேறொரு வீலும் சேர்ந்து இறுகும். நிப்பிளைத் திறந்தும் வீல் விடவில்லை என்றால், காலிப்பரைக் கழற்றி ஸ்லைடு பின்களைக் கையால் நகர்த்திப் பாருங்கள். அவை மட்டும் இறுகியிருந்தால், சுத்தம் செய்து பிரேக்குக்குரிய சிலிக்கான் கிரீஸ் தடவினாலே போதும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். பின்கள் நன்றாக இருந்து, நிப்பிள் திறந்த நிலையில் கிளாம்பு வைத்து அழுத்தியும் பிஸ்டன் உள்ளே போகாவிட்டால், அப்போதுதான் காலிப்பரின் மீது குற்றம் சொல்லலாம். பிஸ்டனில் அரிப்பு இல்லையெனில் சீல் கிட் போட்டு மீட்கலாம். அரிப்பு இருந்தால் புதிதாக வாங்குவதே சரி.

ஆகவே இரண்டு காலிப்பரையும் மாற்றுவது கட்டாயமல்ல. வலது பக்கத்தில் பின்களும் பிஸ்டனும் தடையின்றி நகர்ந்தால் அதை அப்படியே விடலாம். பேடை மட்டும் கட்டாயம் இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒருபுறம் புதியதும் மறுபுறம் தேய்ந்ததுமாக இருந்தால் பிரேக் பிடிக்கையில் வண்டி இழுக்கும். ஒன்பது வயதான ஹோஸ்களையும் இரண்டாகவே மாற்றச் சொல்வேன். டிஸ்க்கில் வெடிப்பு தெரிந்தாலோ, அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்திருந்தாலோ, அதையும் ஜோடியாக மாற்றுங்கள்.

நீங்களே செய்யலாமா என்றால், பேட் மாற்றிய பழக்கமும் போல்ட்டைக் குறித்த அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்சும் உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் செய்யலாம். இல்லையேல் மெக்கானிக்கிடமே விட்டுவிட்டு, மேற்கண்ட சோதனையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். செய்வதானால், காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள். ஹோஸ் போல்ட்டின் இரு பக்கமும் வரும் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். பழையது மீண்டும் அதே இடத்தில் படியாது, கசியும். புதிய காலிப்பரைப் பொருத்தியதும் பிளீடர் நிப்பிள் மேற்புறம் இருக்கிறதா என்று பாருங்கள். இடது, வலது மாறிப் பொருந்திவிட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும். எத்தனை முறை பிளீட் செய்தாலும் (நிப்பிள் வழியே காற்றை வெளியேற்றினாலும்) மேலே தங்கிய காற்று வெளியேறாது, பெடல் மெத்தென்றே இருக்கும். போல்ட்டுகளை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். பிளீட் செய்யும்போது பிரேக் ஆயில் டேங்கில் ஆயில் வற்றக் கூடாது. இந்த வயதில், பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றிவிடுவதே நல்லது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வண்டியை எடுப்பதற்கு முன்பே பெடலைப் பலமுறை அழுத்தி அது கெட்டிப்படுகிறதா என்று பாருங்கள். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும்வரை முதல் சில மிதிப்புகளில் பிரேக்கே பிடிக்காது. பிறகு ஆளில்லாத சாலையில் மெதுவாகச் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன் வீல்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். இடது பக்கம் இன்னமும் அதிகம் சுட்டால், ஹோஸை மாற்றாமல் விட்டிருந்தால் அதற்குத் திரும்புங்கள்.