வாசகர் கேள்வி – பதில்: ஷன்ட் காட்டும் ஆம்பியர் ஏன் கூடுகிறது?

கேள்வி: கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் சோலார் பேனல் பொருத்தி, பின்கட்டில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, 24 வோல்ட்டில் விளக்குகளையும் ஒரு சிறிய தண்ணீர் மோட்டாரையும் ஓட்டுகிறோம். சென்ற படைப்புக்குப் பங்காளிகள் கூடியிருந்த இரவில் பேட்டரி சீக்கிரமே இறங்கிவிட்டதால், சுமை எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளக்க முனைந்தேன். முதலில் வைத்த 0.1 ஓம், 5 வாட் தடை விளக்குகளுக்குச் சரியாகக் காட்டியது. மோட்டாரைப் போட்டதும் புகைந்தது. பிறகு 50 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்கப் பாதையில் வைக்கும் மிகச் சிறிய தடை; 50 ஆம்பியர் ஓடினால் அதன் இருபுறமும் 75 மில்லிவோல்ட் வரும்) ஒன்றை வாங்கி, இருபுறமும் 2.5 சதுர மி.மீ. ஒயர்த் துண்டுகளால் கனெக்டரில் சேர்த்தேன். ஒயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர் 12 ஆம்பியர் காட்டும்போது, அந்தக் கனெக்டர்களுக்கு இடையே மல்டிமீட்டர் 26 மில்லிவோல்ட், அதாவது 17 ஆம்பியருக்கு மேல், காட்டுகிறது. எதை நம்புவது? ஷன்ட்டை பாசிட்டிவ் பக்கம் வைப்பதா, நெகட்டிவ் பக்கம் வைப்பதா? மோட்டாரின் நெகட்டிவ் ஒயர் தனியே நேராகப் பேட்டரிக்கு வருகிறது.

பதில்: கிளாம்ப் மீட்டரை நம்புங்கள், உங்கள் ஷன்ட்டிலும் பழுதில்லை. மல்டிமீட்டரின் முனைகளை வைத்த இடம்தான் தவறு. 75 மில்லிவோல்ட்டை 50 ஆம்பியரால் வகுத்தால் உங்கள் ஷன்ட்டின் தடை 1.5 மில்லி ஓம் என்று வருகிறது. ஆகவே 12 ஆம்பியருக்கு 18 மில்லிவோல்ட்தான் வரவேண்டும். மீதி 8 மில்லிவோல்ட் அந்த ஒயர்த் துண்டுகளில் விழுகிறது. 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லி ஓம் தடை உண்டு. இருபுறமும் சேர்த்து 10 சென்டிமீட்டர் ஒயர் இருந்தாலே 0.7 மில்லி ஓம் ஆகிவிடுகிறது, அதாவது ஷன்ட்டின் தடையில் ஏறக்குறைய பாதி. வீட்டு ஒயரிங்கில் யாரும் கணக்கில் எடுக்காத இந்தச் சிறு தடை, ஷன்ட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது அளவையே கெடுத்துவிடுகிறது.

ஷன்ட்டை எடுத்துப் பாருங்கள். இரு முனைகளிலும் சுமை ஒயருக்கான பெரிய போல்ட்டுகளும், அவற்றுக்கு உட்புறமாக இரண்டு சிறிய திருகுகளும் இருக்கும். மில்லிவோல்ட்டை அந்தச் சிறிய திருகுகளிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். சுமையின் மின்னோட்டம் பெரிய போல்ட்டுகளின் வழியே போவதால், அங்கே இறுக்கம் குறைந்தாலும் துரு ஏறினாலும் அந்தத் தடை உங்கள் அளவுக்குள் நுழையாது. அளக்கும் ஒயரில் ஓடும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு என்பதால், அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் கேடில்லை.

முதலில் வைத்த தடை புகைந்ததற்கும் கணக்கு இருக்கிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பம் தெரியும்: 12 ஆம்பியருக்கு 14.4 வாட், நீங்கள் வைத்ததோ 5 வாட் தாங்குவது. 1.2 வோல்ட்டும் வீணாகியிருக்கும். புதிய ஷன்ட்டில் அதே 12 ஆம்பியருக்கு கால் வாட்டுக்கும் குறைவு. தேக்கு உத்தரங்களும் மரக் கதவுகளும் நிறைந்த வீட்டில் புகையும் தடை ஒன்றை விட்டுவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் பதறுகிறது; அதை உடனே கழற்றியது மிக நல்ல காரியம்.

உங்கள் வீட்டில் ஷன்ட்டை பாசிட்டிவ் பக்கம்தான் வைக்க வேண்டும். விளக்குகளின் நெகட்டிவ் பாதையில் வைத்தால், மோட்டாரின் மின்னோட்டம் தன் தனி ஒயரின் வழியே ஷன்ட்டைத் தொடாமலே பேட்டரிக்குத் திரும்பிவிடும். நீங்கள் பார்ப்பது விளக்குக் கணக்கு மட்டுமாக இருக்கும். பேட்டரி பாசிட்டிவ், அதையடுத்து ஃபியூஸ், அதன் பின் ஷன்ட், அங்கிருந்து எல்லாச் சுமைகளும் என்ற வரிசையில் அமையுங்கள். சார்ஜ் கன்ட்ரோலரிலிருந்து (பேனலின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்திப் பேட்டரிக்கு ஏற்றும் கருவி) பேட்டரிக்கு வரும் பாசிட்டிவ் ஒயர், ஷன்ட்டுக்குப் பேட்டரிப் பக்கத்திலேயே சேர வேண்டும். சுமைப் பக்கத்தில் சேர்ந்தால், பகலில் பேனல் தருவதைச் சுமை இழுப்பதிலிருந்து கழித்த மிச்சத்தைத்தான் ஷன்ட் காட்டும். பலர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

பாசிட்டிவ் பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. அங்கே 18 மில்லிவோல்ட் வித்தியாசம், 24 வோல்ட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மல்டிமீட்டருக்கு அதனால் ஒன்றுமில்லை. நிரந்தரமாக ஒரு மின்னணுப் பலகையை வைத்துப் பதிவு செய்ய நினைத்தால், மின்னோட்டம் அளக்கும் ஐஎன்ஏ219 சில்லைத் தவிர்த்துவிடுங்கள். அது 26 வோல்ட் வரைக்கும்தான், உங்கள் பேட்டரிகளோ சார்ஜ் ஆகும்போது 28 வோல்ட்டைத் தாண்டும். ஐஎன்ஏ226 சில்லு 36 வோல்ட் வரை தாங்கும், ஷன்ட்டில் ஏறத்தாழ 82 மில்லிவோல்ட் வரை அளக்கும். உங்கள் 75 மில்லிவோல்ட் ஷன்ட்டுக்குப் பொருந்தியதுபோல் அமைந்திருக்கிறது. பலகையில் ஏற்கெனவே பற்றவைத்திருக்கும் சிறு தடையைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். அது இருக்கும்வரை ஷன்ட்டுக்கு இணையாக நின்று, மெல்லிய ஒயர்களின் வழியேயும் கொஞ்சம் மின்னோட்டத்தை இழுத்து அளவைப் பிசகச் செய்யும். அந்த இரு மெல்லிய ஒயர்களிலும் ஷன்ட்டை ஒட்டியே அரை ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் போடுங்கள்.

கேள்வி: இதே ஷன்ட்டை வீட்டின் 230 வோல்ட் லைனில் வைத்து ஏசி சுமையை அளக்கலாமா? – தேவகோட்டை வாசகர்.

பதில்: வேண்டாம். ஷன்ட்டோடு இணையும் மீட்டர், பலகை, அதைத் தொடும் உங்கள் கை எல்லாம் 230 வோல்ட்டோடு நேரடித் தொடர்பில் வந்துவிடும். ஏசிக்கு கிளாம்ப் மீட்டரோ, லைன் ஒயரைச் சுற்றி வைக்கும் அளவுச் சுருளான கரன்ட் டிரான்ஸ்ஃபார்மரோ போதும். இரண்டும் லைனைத் தொடாமல் அளக்கும். கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால், லைனில் மின்னோட்டம் ஓடும்போது அதன் வெளிவரும் இரு ஒயர்களையும் திறந்து விடாதீர்கள். ஆபத்தான மின்னழுத்தம் அங்கே ஏறும்.