சைவம் உண்ணும் அம்மாவுடன் இத்தாலியில் எட்டு நாள்: பூலியா மட்டும் போதும்

சைவம் மட்டுமே உண்ணும் பெற்றோரை எட்டு நாள் இத்தாலிக்கு அழைத்துச் செல்ல, ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் என்ற வழக்கமான சுற்றைத் தவிர வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. பூட்ஸ் வடிவிலான இத்தாலியின் குதிகால் போல அமைந்த பூலியா மாநிலத்திலேயே எட்டு நாளும் தங்குங்கள்.

ரோமை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஆனால் இரண்டு இரவுக்கு ஒருமுறை பெட்டி கட்டி ரயில் ஏறுவது முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தண்டனை. 2023 மே மாதம் 65 வயது அம்மாவை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தபோது, நான் நாடிய பயண முகவர், சமையல்காரர் உடன்வரும் குழுவில் சேராவிட்டால் அம்மா பட்டினிதான் கிடப்பார் என்று அடித்துச் சொன்னார். விலகிக்கொண்டேன், கட்டிய முன்பணத்தில் பாதி இன்றுவரை திரும்பவில்லை.

பூலியாவின் தலைநகரான பாரியின் பழைய பகுதியில், வீட்டு வாசலில் மேசை போட்டு, மாவைக் கத்தியால் இழுத்துக் கட்டைவிரலால் கவிழ்த்து, 'சிறு காதுகள்' என்று பொருள்படும் ஒரேக்கியெத்தே பாஸ்தாவைப் பெண்கள் செய்துகொண்டிருந்தார்கள். இத்தாலியின் வடக்கே பல ஊர்களில் பாஸ்தா மாவில் முட்டை சேர்ப்பார்கள். இங்கே மரபாகக் கடினக் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். அதைத் தெரிந்துகொண்ட பிறகே அம்மாவின் முகம் தெளிந்தது.

மறுநாள் ஒரு சிறிய உணவகத்தில், தோல் நீக்கிய உலர்ந்த அவரை இனப் பருப்பு ஒன்றைக் கரையும்வரை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, பக்கத்தில் கசப்பான சிக்கோரியாக் கீரையை வைத்துத் தந்தார்கள். "இது நம்ம பருப்பு மசியலும் கீரையும்தானேடா" என்று சொல்லி அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உழவர்களின் அன்றாட உணவு அது. சுண்ணாம்புக்கல் பூமி மழைநீரை உள்ளே உறிஞ்சிக்கொள்வதால் ஆறுகள் மிகக் குறைந்த அந்த நிலத்தில், கோதுமையும் ஆலிவும் பருப்பும் காட்டுக் கீரையுமே மக்களைக் காத்திருக்கின்றன. வயலில் பொறுக்கிய அதே கற்களைச் சாந்தின்றி அடுக்கித்தான் அல்பெரோபெல்லோவின் கூம்புக்கூரை வீடுகளையும் கட்டியிருக்கிறார்கள். 1996 முதல் அவை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்கள்.

ஓர் எச்சரிக்கை. கீரை சேர்த்த பாஸ்தாவில் நெத்திலி கலப்பதுண்டு, ஆகவே 'சென்ஸா அச்சூகே' (நெத்திலி இல்லாமல்) என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாஸ்திச்சோத்தோ என்னும் இனிப்பின் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது மரபு என்பதால், கேட்காமல் வாங்க வேண்டாம்.

பூலியாவின் தென்பகுதியிலுள்ள லெச்சே நகரின் தெற்கே சாலையோரம் ஆலிவ் மரங்கள் சாம்பல் நிறத்தில் பட்டுப்போய் நின்றதைக் கண்டு அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். மரத்துக்குள் நீர் ஏறும் குழாய்களை அடைக்கும் சைலெல்லா என்னும் பாக்டீரியா அங்கே 2013இல் கண்டறியப்பட்டது. பூச்சி வழியே பரவி வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. வடக்கே ஓஸ்துனி, ஃபசானோ என்ற ஊர்களுக்கு இடையிலான சமவெளியில் பல நூற்றாண்டு கண்ட, அடிமரம் முறுக்கிய ஆலிவ் மரங்களை நாங்கள் ஒரு மாலை முழுதும் நடந்து பார்த்தோம். உங்கள் எட்டு நாளில் முதல் நாளை அந்தச் சமவெளிக்கே ஒதுக்குங்கள்.