அமெரிக்க யூதத் தொழிலதிபர் ஜூலியஸ் ரோசன்வால்ட் யூதர்களுக்கு மட்டும்தான் நன்கொடை கொடுத்தாரா?

இல்லை. சிகாகோவில் தபால் வழியே பொருள்கள் விற்ற சியர்ஸ் நிறுவனத்தை நடத்திய அவர், முதல் உலகப்போரில் தவித்த யூதர்களுக்காக 10 லட்சம் டாலர் தந்தவர்தான். ஆனால் என்னைக் கேட்டால், அவருடைய பெரிய காரியம் பள்ளிகள். கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து அவர் தொடங்கிய திட்டத்தால், அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. முழுப் பணத்தையும் அவர் தரவில்லை. ஊராரும் அரசும் பங்கு போடவேண்டும். கையில் அதிகம் இல்லாத விவசாயிகள்கூட காசு சேர்த்தார்கள், நிலம் கொடுத்தார்கள், கட்டட வேலையில் இறங்கினார்கள். மின்சாரம் எட்டாத ஊர்கள் என்பதால் வகுப்பறைகளுக்கு வரிசையாக உயரமான ஜன்னல்கள் வைத்தார்கள். அப்புறம், தான் இறந்து 25 ஆண்டுகளுக்குள் தன் அறக்கட்டளைப் பணம் முழுவதும் செலவாகிவிடவேண்டும் என்றும் சொல்லிவைத்தார். 1932-இல் அவர் மறைந்தார். 1948-இல் அறக்கட்டளை மூடப்பட்டது.