விவாத அரங்கும் மறுநாளும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். ஒரே வேலைக்குப் பெண்களுக்குக் குறைந்த கூலி தரப்படுவதைப் பற்றி விவாத அரங்கு ஒன்றை, அதாவது பார்வையாளர்களே மேடையேறி ஒரு பாத்திரத்தின் இடத்தை ஏற்று வேறு வழிகளை நடித்துப் பார்க்கும் நாடகத்தை, நடத்தினோம். பார்வையாளர்கள் உற்சாகமாக மேடையேறினார்கள். ஆனால் பெரும்பாலோர், கூலி கேட்கும் நாயகியின் இடத்தில் நின்று, ‘அவள் இன்னும் துணிச்சலாகப் பேசியிருக்க வேண்டும்’ என்பதையே விதவிதமாக நடித்துக் காட்டினார்கள். ஒருவர் முதலாளியின் பாத்திரத்தை ஏற்று, மனம் திருந்தி, கூலியை உயர்த்தினார், பலத்த கைதட்டல். மறுநாள் எதுவும் மாறவில்லை. மக்களின் கோபத்தைக் கைதட்டலாகக் கரைத்துவிட்டோமோ என்று ஐயமாக இருக்கிறது. இந்த வடிவத்தால் உண்மையில் பயன் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயத்துக்கு மிக நெருக்கமான ஓர் ஐயத்திலிருந்துதான் இந்த வடிவமே பிறந்தது. பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலின் குழு, அந்நாட்டின் வடகிழக்கில், நிலத்துக்காக இரத்தம் சிந்துவோம் என்று உழவர்களிடையே நடித்துக் காட்டியபோது, ஓர் உழவர் ‘அப்படியானால் உங்கள் துப்பாக்கிகளோடு வாருங்கள், நிலக்கிழாரின் ஆட்களை எதிர்ப்போம்’ என்று அழைத்தார். துப்பாக்கிகள் நாடகத்துக்காகச் செய்தவை என்று இவர்கள் விளக்க வேண்டியதாயிற்று. தாம் ஏற்காத ஆபத்தைப் பிறருக்குப் பரிந்துரைப்பதைப் போவால் அதோடு விட்டுவிட்டார். 1973-இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில் போவால் பணியாற்றியபோது, பார்வையாளராக இருந்த ஒரு பெண், தாம் சொன்ன யோசனையை நடிகர் நடித்துக் காட்டிய விதத்தில் நிறைவடையாமல் தாமே மேடையேறினார். விவாத அரங்கு அங்கிருந்து உருக்கொண்டது. உங்கள் நிகழ்ச்சியில் நடந்தது, போவால் கைவிட்ட அறிவுரை பார்வையாளர் வாய்வழியாகத் திரும்பி வந்ததுதான்.

முதலாளி திருந்திய காட்சியை எடுத்துக்கொள்வோம். பொதுவாக இவ்வகை அரங்கில் ஒடுக்கப்பட்டவரின் இடத்தைத்தான் பார்வையாளர் ஏற்கலாம். ஒடுக்குபவரை நல்லவராக மாற்றிவிட்டால் சிக்கல் தீர்வதில்லை, காணாமல் போய்விடுகிறது. போவால் இதை மாயத் தீர்வு என்பார். ஜோக்கர் என்று அழைக்கப்படும் நெறியாளர் கைதட்டல் அடங்கியதும் ‘இது நடக்குமா?’ என்று கேட்டிருக்க வேண்டும். அதுவும் பொதுவாகக் கூட்டத்தைப் பார்த்து அல்ல, அந்தக் கூலியை வாங்கும் பெண்களைப் பார்த்து.

துணிச்சலாகப் பேசு என்பதும் ஏறத்தாழ மாயத் தீர்வே. அது மேடையில் வென்றதற்குக் காரணம், முதலாளியாக நடித்தவர் எளிதில் விட்டுக்கொடுத்ததாக இருக்கலாம். சிறந்த நடிகரைப் பாதிக்கப்பட்டவராக நடிக்கவைக்கும் குழுக்கள் உண்டு. என்னைக் கேட்டால் அவரை முதலாளியாக்க வேண்டும். ‘உனக்குப் பதிலாக வர ஆள் இருக்கிறது’, ‘உன் கணவனும் என்னிடம்தான் வேலை செய்கிறான்’, ‘முன்பணக் கணக்கை முதலில் முடி’ என்று உண்மையான முதலாளி எதையெல்லாம் சொல்வாரோ அதையெல்லாம் அவர் சொல்லித் தடுக்க வேண்டும். தோற்றுப்போகும் ஒவ்வொரு முயற்சியும் அதிகாரம் எங்கே ஊன்றி நிற்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். பார்வையாளர்கள் கற்பது அங்கேதான்.

இதில் நீங்கள் குறிப்பிடாத ஒரு தரப்பு இருக்கிறது: கூடுதல் கூலி வாங்கும் ஆண் தொழிலாளிகள். அவர்கள் முதலாளியும் அல்லர், முற்றிலும் வெளியாட்களும் அல்லர். மனைவியின் கூலி உயர்ந்தால் வீட்டுக்கு நல்லது என்று தெரிந்திருந்தும், தங்கள் கூலி குறைந்துவிடுமோ என்று அஞ்சி வாய்மூடி நிற்பவர்கள். காட்சியில் அப்படி ஒருவர் பேசாமல் நின்றிருந்தால், அவருடைய இடத்தை ஏற்று அந்த மௌனத்தை உடைக்கப் பார்வையாளர்களை அழைத்திருக்கலாம். சமூகப் பிணக்குகளில் பெரும்பாலும் அசையக்கூடிய தரப்பு இதுதான். பார்வையாளர் எல்லோரையும் நாயகியின் இடத்துக்கே அனுப்புவதால் இது தப்பிவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை. வேலை கொடுப்பவரின் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் பொதுவெளியில் மேடையேறிப் பேசிய பெண், அடுத்த வாரம் வேலைக்கு அழைக்கப்படாமல் போகலாம். ஆகவே முதலில் அந்தப் பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில் தொடங்குவது நல்லது. பேச்சே இல்லாமல், உடல்களைச் சிலைகளாக நிறுத்தி, இன்றைய நிலை, விரும்பும் நிலை, இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை என்று அமைத்துப் பார்க்கும் பிம்ப அரங்கு இதற்குப் பொருத்தமானது. பேசத் தயங்குபவர்களும் அதில் கலந்துகொள்வார்கள்.

கோபம் கரைந்துவிடுமா என்றால், பிறகு ஒன்றும் செய்யாவிட்டால் கரையும். போவால் ரியோ நகரமன்ற உறுப்பினராக இருந்த 1993 முதல் 1996 வரையிலான காலத்தில், இத்தகைய அரங்குகளில் எழுந்த யோசனைகள் குறித்துவைக்கப்பட்டு மன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 13 சட்டங்கள் நிறைவேறின. மேற்கு வங்கத்தில் 1985-இல் தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி என்ற நாடக அமைப்பு, கிராம மக்களையே நடிகர்களாகக் கொண்ட குழுக்களை உருவாக்கியது. நாடகம் முடிந்தபின் அவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவதில்லை. உங்கள் நிகழ்ச்சியில் யாராவது குறிப்பெடுத்தார்களா? எடுத்திருந்தால் அதை யாரிடம் கொடுத்தீர்கள்?

அதே நாடகத்தை மீண்டும் நடத்துங்கள். கூலி பேசும் நாளுக்கு முந்தைய வாரத்தில், பேசப் போகிறவர்களை வைத்தே நடத்துங்கள். நாயகியைத் தனியாக அனுப்பாமல், யார் யார் உடன் போவது, முதலில் யார் பேசுவது, முதலாளி மறுத்தால் அடுத்து என்ன சொல்வது என்பதைப் பார்வையாளர்களே மேடையில் முயன்று பார்க்கட்டும்.