மணலில் கை விறைக்கிறதா? சிஆர்500க்கு ஓட்டோமெட்டிக் கிளச் பூட்டும் முறை

கேள்வி: என்னிடம் ஹொண்டா சிஆர்500ஆர் மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. இடது மணிக்கட்டு உடைந்து பொருந்தியபின், நிலாவெளிப் பக்க மணலில் அரை மணித்தியாலம் ஓடினாலே கிளச் பிடித்துக் கை விறைத்துவிடுகிறது. லீவரைத் தொடாமலே வேலை செய்யும் ஓட்டோமெட்டிக் கிளச் பூட்டலாமா? வீட்டிலேயே பூட்ட முடியுமா? 500 சிசியின் இழுவைக்கு அது எரிந்துவிடாதா? (வாசகர், உப்புவெளி)

பதில்: பூட்டலாம். கையில் நிதானம் இருந்தால் வீட்டிலேயே ஒரு பின்னேரத்தில் முடிக்கலாம். எரிவதற்குக் காரணம் எஞ்சினின் இழுவை அல்ல. கிளச்சுக்குள் அடுக்கியிருக்கும் பிளேட்டுகளுக்கு இடையிலான இடைவெளி பிழைத்தாலும், மணலில் பெரிய கியரில் ஓடினாலும்தான் எரியும்.

பணத்தைச் செலவழிக்க முன்னர் கிளச் கேபிளைக் கழற்றி, லீவரில் கொழுவாமல் கையால் இழுத்துப் பாருங்கள். கடற்கரை ஊரில் உப்புக்காற்று கேபிளின் உறைக்குள் புகுந்து துருவேற்றிவிடும். உள்கம்பி கரகரவென்று வந்தால் புதுக் கேபிள் போட்டு, லீவர் போல்ட்டுக்குக் கிறீஸ் வைத்து ஒரு கிழமை ஓடுங்கள். பலருக்குக் கைவலி அதோடு பாதியாகிவிடும். அதற்குப் பிறகும் மணிக்கட்டு தாங்கவில்லை என்றால் ஓட்டோமெட்டிக் கிளச்தான் சரியான வழி.

இதில் அதிகம் பேசப்படும் பெயர் ரெக்ளூஸ். 2002இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம் அது. அவர்களது இப்போதைய வகைகளில், கிளச் அடுக்கின் ஒரு பிளேட்டுக்குப் பதிலாக விரியும் பிளேட் ஒன்று உட்காரும். அதற்குள் சிறு ஆப்புகள் உண்டு. எஞ்சின் சுற்று ஏற ஏற ஆப்புகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, சரிவில் ஏறி, பிளேட்டைத் தடிப்பாக்கும். அடுக்கு இறுகிக் கிளச் பிடிக்கும். சுற்று இறங்கினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் ஆப்புகளைத் திருப்பி இழுக்கும், கிளச் விடும். லீவர் வழமைபோல இருக்கும். நீங்கள் பிடித்தாலும் வேலை செய்யும், பிடிக்காவிட்டாலும் எஞ்சின் நின்றுபோகாது.

எல்லாம் சுற்றை வைத்தே நடப்பதால், ஐட்லிங் (அக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் சுற்று) சரியில்லாத எஞ்சினுக்கு இந்தக் கிளச்சைப் பூட்டவே கூடாது. மொட்டோகுரோஸ் டூ ஸ்ட்ரோக்குகளைப் பலர் ஐட்லிங்கே வைக்காமல் ஓடுவார்கள். சிலவற்றில் அக்சிலேட்டரை விட்டாலும் சுற்று உடனே இறங்காமல் தொங்கி நிற்கும். சாதாரணக் கிளச்சில் அது வெறும் தொந்தரவு. இதிலோ நீங்கள் கையை விட்ட பிறகும் வண்டி முன்னால் தள்ளிக்கொண்டு போகும். சுற்று தொங்கினால் பைலட் ஜெட் (குறைந்த சுற்றில் பெற்றோல் விடும் காபரேட்டர் துளை) சிறிதாக இருக்கலாம், அல்லது எங்கோ காற்று கசியலாம். காபரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள றப்பர் வெயிலில் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அந்த றப்பரைச் சுற்றிக் கொஞ்சம் காபரேட்டர் கிளீனர் அடித்தால், கசிவு இருக்கும் இடத்தில் சுற்று மாறும். காபரேட்டரில் காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏயர் ஸ்க்ரூவை முழுதாக மூடி ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து சரிபாருங்கள். எஞ்சின் சூடானபின் நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்றில் நிலையாக நிற்க வேண்டும். அக்சிலேட்டரைத் தட்டிவிட்டால் சட்டென்று அதே இடத்துக்கு இறங்க வேண்டும்.

இன்னொன்று: புகை திடீரென்று கூடி, கியர்பொக்ஸ் ஒயில் மட்டமும் குறைந்துகொண்டு போனால், கிளச் பக்கத்து கிராங்க் ஒயில் சீல் போயிருக்கிறது. கிளச்சைத் தொடமுன் அதை மாற்றுங்கள்.

ஓட்டோமெட்டிக் கிளச் கிட் (பூட்டும் பாகங்களின் தொகுதி) கேட்கும்போது மொடலின் பெயர் மட்டும் போதாது. ஆண்டும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பொருள் என்பதால் கிளச் கவர் ஓ-ரிங், கிளச் ஸ்பிரிங் போல்ட்டுகள், தேவைப்பட்டால் புதுக் கிளச் பாஸ்கட் (பிளேட்டுகள் உட்காரும் கூடை) எல்லாவற்றையும் ஒரே பொதியில் எடுப்பது இலாபம். பாஸ்கட்டின் விரல்களில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். பிளேட்டின் காதுகள் அடித்து அடித்து வெட்டுகள் விழுந்திருந்தால் நகம் படி படியாகக் கொக்கிக்கொள்ளும். 500இன் ஒவ்வொரு வெடிப்பும் அந்த இடத்தில்தான் அடிக்கிறது. மெல்லிய வெட்டை அரத்தால் சமப்படுத்தலாம். அரை மில்லிமீற்றரைத் தாண்டினால் மாற்றுங்கள். இந்தக் கிளச்சில் பிளேட்டுகள் எந்நேரமும் வழுக்கி நகர வேண்டும். வெட்டில் சிக்கினால் வண்டி உதறி உதறிக் கிளம்பும்.

வேலைக்கு முதல் நாள் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, கவர் போல்ட்டுகளுக்குத் துருநீக்கி ஒயில் அடித்து விடுங்கள். உப்பில் இறுகிய போல்ட்டை ஒரே மூச்சில் திருகினால் தலை முறியும். அடுத்த நாள் கியர்பொக்ஸ் ஒயிலை வடித்து, பெற்றோல் டப்பை மூடி, வண்டியை இடது பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். கிளச் வலது பக்கம் இருப்பதால் அப்படிச் செய்தால் கை வசதி. காற்றில் மணல் பறக்காத இடமாக இருக்க வேண்டும்.

புது உராய்வு பிளேட்டுகளைப் பூட்டப்போகும் அதே ஒயிலில் அரை மணித்தியாலம் ஊற வையுங்கள். காய்ந்த பிளேட் முதல் கிளம்பலிலேயே கருகிவிடும். இரும்புப் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நெளிந்திருக்கிறதா என்று 0.1 மில்லிமீற்றர் பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். சூட்டில் நீலம் பாய்ந்த பிளேட் வேண்டாம். பிளேட்டுகளை எந்த வரிசையில், எத்தனை அடுக்குவது என்பது கிட் படத்தில் இருக்கும். ஒரு பிளேட் கூடினாலோ குறைந்தாலோ இடைவெளியை எப்படித் திருப்பினாலும் சரிவராது. எண்ணிப் பார்த்துவிட்டே மூடுங்கள். ஸ்பிரிங் போல்ட்டுகள் 6 மில்லிமீற்றர் பருமனாக இருந்தால் குறுக்கு மறுக்காக, சுமார் 10 நியூட்டன் மீற்றர் அளவில் இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை உரிந்துவிடும்.

ஒயில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான ஜப்பானியத் தரக்குறி) என்று போத்தலில் எழுதியதாக இருக்கட்டும். கார் எஞ்சின் ஒயிலில் வழுக்கல் சேர்மானம் இருக்கலாம், அது கிளச்சை ஸ்லிப் ஆக்கும். அளவை வண்டியின் கையேட்டில் உள்ளபடியே விடுங்கள்.

இனித்தான் உண்மையான வேலை. கேபிள் இறுகினால், பிளேட் அடுக்கை அழுத்தும் பிரஷர் பிளேட் தூக்கப்பட்டு இடைவெளி கூடும். தளர்ந்தால் இடைவெளி குறையும். அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்க முடியாது, லீவரை வைத்துத்தான் அறியலாம். பழைய டியூபில் ஒரு துண்டை வளையமாக வெட்டி, கிளச் லீவரையும் கைப்பிடியையும் சேர்த்து மாட்டுங்கள். லீவரின் தளர்வை மட்டும் அது எடுக்க வேண்டும், கிளச்சை இழுத்துவிடக் கூடாது. எஞ்சினைச் சூடாக்கி, நியூட்ரலில் அக்சிலேட்டரை ஒருதரம் நன்றாகத் தட்டி விடுங்கள். விரியும் பிளேட் பிரஷர் பிளேட்டைத் தூக்கும்போது கேபிள் தளர்ந்து, லீவர் தானாகக் கைப்பிடிப் பக்கம் அசையும். லீவர் நுனி உருண்டையில் அளந்தால் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் அசைய வேண்டும்.

அசைவு குறைவு என்றால் இடைவெளி கூடிவிட்டது. ஆப்புகள் இடைவெளியை நிரப்புவதிலேயே முடிந்து, ஸ்பிரிங்கின் முழு அழுத்தம் பிளேட்டுகளுக்கு வராது. அப்படியே ஓடினால் எரியும். கேபிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அசைவு அதிகம் என்றால் இடைவெளி போதாது. ஐட்லிங்கிலேயே வண்டி ஊரும், நியூட்ரல் விழாது. கேபிளை இறுக்குங்கள். அட்ஜஸ்டரை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒவ்வொரு முறையும் திரும்பத் தட்டிப் பாருங்கள்.

பழக்க ஓட்டம் வெறுமையான, இறுகிய தரையில் நடக்கட்டும். கரைவலை இழுக்கும் கரையில் வேண்டாம். முதலாம் கியரில் ஐந்து தடவை, இரண்டாம் கியரில் ஐந்து தடவை, லீவரைத் தொடாமல் மெதுவாகக் கிளம்புங்கள். பிறகு பத்து நிமிடம் ஆறவிட்டு 3 மில்லிமீற்றரைத் திரும்பப் பாருங்கள். புதுப் பிளேட்டுகள் படிவதால் அது நிச்சயம் மாறியிருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கிளம்பமுன் அந்தச் சோதனையைச் செய்யுங்கள், அரை நிமிடம்தான்.

எஞ்சின் நிற்காது என்ற தைரியத்தில் மணலில் மூன்றாம் கியரில் உருட்டுவதே இந்தக் கிளச்சைக் கொல்லும் பழக்கம். சுற்று குறைவாக இருக்கும்போது பிளேட்டுகள் பாதி பிடித்துத் தேய்ந்துகொண்டே இருக்கும். வழமையை விட ஒரு கியர் குறைத்து ஓடுங்கள். இறக்கத்தில் சுற்று விழுந்தால் எஞ்சின் பிரேக் இருக்காது, அக்சிலேட்டரை ஒருதரம் தட்டினால் கிளச் திரும்பப் பிடிக்கும். களப்புத் தண்ணீர் ஏறிய நாளில் ஒயிலைப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் அன்றே மாற்றுங்கள்.

எஞ்சின் ஓயும்போது கிளச் விட்ட நிலையிலேயே இருக்கும். ஆகவே தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று எண்ணாதீர்கள். பிக்கப் வாகனத்தில் ஏற்றிக் கியர் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும், பட்டியால் கட்டுங்கள். கியரில் இருக்கும்போதே கிக்கர் அடித்தாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நியூட்ரலில் நிற்பதுபோலவே தெரியும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை விளையாட்டாக அக்சிலேட்டரை முறுக்கினால் 500 சிசியும் ஒரே பாய்ச்சலாகப் பாயும். எனவே எஞ்சினை நிறுத்தாமல் வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம்.