புயல் வந்தால் யார் பேச்சைக் கேட்பது?

தம்பி, ஹூஸ்டனுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, பெரும்புயல் அடித்தால் மத்திய அரசின் பேரிடர் நிறுவனமான ஃபீமா வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்தானே என்று கேட்டிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்த இரவு, வாஷிங்டனிலிருந்து என்ன சொல்கிறார்கள் என்று டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசி எச்சரிக்கைச் செய்தியோடு இரண்டு முறை அலறியது. இரண்டு முறையும் அணைத்துவிட்டேன். விடியும்போது தண்ணீர் வாசற்படியில் நின்றது. முன்பின் தெரியாத ஒருவர் மீன்பிடிப் படகில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பாஸ்போர்ட் போட்ட பிளாஸ்டிக் பை.

இங்கே பொறுப்பு கீழிருந்து மேலே போகிறது. முதல் அதிகாரம் நகரத்தில் மேயருக்கு, கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கவுண்டி ஜட்ஜுக்கு. ஜட்ஜ் என்ற பெயரைப் பார்த்து நீதிமன்றம் என்று நினைத்துவிடாதீர்கள். டெக்சஸில் அவர் மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகத் தலைவர். பேரிடர் நேரத்தில் நம்ம ஊர் கலெக்டர் மாதிரி. வீட்டைக் காலி செய்யுங்கள் என்று உத்தரவு போடுவது அவரோ மேயரோதான். அவர்களுக்கு மீறிப் போனால் மாநில ஆளுநர் நேஷனல் கார்டு என்ற மாநிலப் படையை இறக்குவார். அதுவும் போதாதென்றால், 1988-இல் வந்த ஸ்டாஃபோர்ட் சட்டம் என்ற பேரிடர் உதவிச் சட்டப்படி ஆளுநர் அதிபரிடம் கேட்க வேண்டும். அதிபர் அறிவித்த பிறகுதான் ஃபீமாவின் பணமும் ஆட்களும் பெரிய அளவில் வரும். வந்தாலும் ஜட்ஜின் நாற்காலியில் அவர்கள் உட்காருவதில்லை. மத்திய அரசுத் துறைகளின் உதவியை 15 பிரிவுகளாகப் பிரித்து ஒருங்கிணைப்பார்கள்: கட்டுமானப் பணிகளுக்கு ராணுவப் பொறியாளர் படை, மருத்துவத்துக்குச் சுகாதாரத் துறை என்று.

இது சும்மா வந்த ஏற்பாடு இல்லை. 1970-இல் கலிஃபோர்னியா காட்டுத்தீயை அணைக்கப் போன துறைகள் ஆளுக்கொரு சொல், ஆளுக்கொரு ரேடியோ அலைவரிசை என்று திணறின. களத்தில் எல்லோருக்கும் ஒரே கட்டளை அமைப்பு என்ற முறை அதிலிருந்துதான் பிறந்தது. அப்படியும் 2005-இல் கத்ரீனா புயலின்போது யார் தலைமை என்பதிலேயே குழப்பம். அடுத்த வருடமே சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த நாட்களில் நியூ ஆர்லியன்ஸில் கூரைமேல் காத்திருந்தவர்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

சரி, உங்கள் விசா விஷயம். முகாமில் இடமும் சாப்பாடும் யாருக்கும் உண்டு. எங்களைத் தங்கவைத்த பள்ளிக்கூட முகாமில் பெயரையும், ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதையும்தான் கேட்டார்கள். ஆனால் ஃபீமா கையில் தரும் பண உதவி ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. இங்கே பிறந்த குழந்தை கூட இருந்தால், அதன் சார்பில் விண்ணப்பிக்கலாம். வாடகை வீட்டுக்கு எடுக்கும் சாதாரண இன்ஷூரன்ஸ் வெள்ளத்துக்குச் செல்லாது. வெள்ளத்துக்கென்று தனியாக எடுக்க வேண்டும்; பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். புயல் கிளம்பிய பிறகு எடுத்துப் பயனில்லை.

அப்புறம், வீடு ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊர் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுண்டிகளில் கிடக்கிறது. விலாசத்தில் ஊர் பெயர் ஒன்றுதான், உத்தரவு போடுகிறவர் வேறு. உங்கள் தெரு எதில் வருகிறது என்று இன்று இரவே பார்த்து, அந்தக் கவுண்டியின் எச்சரிக்கைச் செய்திக்கு உங்கள் எண்ணையும் மனைவியின் எண்ணையும் பதிந்துவிடுங்கள்.