பின்வீல் நகர்கிறதா? – கேள்வி பதில்

சைக்கிளின் பின்சக்கரம் ஃபிரேமில் நிற்காமல் நகர்வது பற்றி வந்த கேள்விகளும், சைக்கிள் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் என் பதில்களும்.

நான் பால் ஊற்றுகிறேன். பழைய பெரிய சைக்கிள், கேரியரில் இரண்டு பக்கமும் கேன். வாரம் ஒருமுறையாவது பின்வீல் சாய்ந்து டயர் இடது பக்கக் கம்பியில் உரசுகிறது. ஸ்பேனரில் பைப் மாட்டி முறுக்கியும் நிற்கவில்லை. என்ன செய்யலாம் அண்ணே? – பொள்ளாச்சியிலிருந்து

இடது பக்கம் உரசுகிறது என்றீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. செயின் வலது பக்கம். ஒவ்வொரு மிதிக்கும் அது அச்சின் வலது முனையை முன்னால் இழுக்கிறது. அந்த முனை ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) நகர்ந்தாலே டயரின் முன்பக்கம் கிட்டத்தட்ட மூன்று நூல் இடது பக்கம் சாய்ந்துவிடும்.

இழுப்பு எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 60 கிலோ ஆள் ஒரு பெடலில் முழு எடையையும் வைக்கிறார் என்று கொள்வோம். பெடலைத் தாங்கும் கட்டை (கிராங்க்) ஆறரை அங்குலம். பெடலோடு சுற்றும் 48 பல் செயின்வீலின் ஆரம் நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியானால் செயினில் விழும் இழுப்பு 100 கிலோவைத் தாண்டும். கேன்களோடு நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது நீங்கள் செய்வது அதைத்தான். இவ்வளவையும் தாங்குவது நட்டுக்கும் ஃபிரேமுக்கும் இடையிலுள்ள பிடிமானம் ஒன்றுதான்.

சரி, நட்டுக்கும் ஃபிரேமுக்கும் இடையில் உங்கள் வண்டியில் என்னென்ன இருக்கின்றன? ஸ்டாண்டின் காது, கேரியர் கம்பி, மட்கார்டு கம்பி, நடுநடுவே வாஷர். எல்லாம் பெயின்ட் அடித்தவை, பாதி வளைந்தவை. பைப் மாட்டி முறுக்கும்போது நீங்கள் இறுக்குவது ஃபிரேமை அல்ல, இந்த அடுக்கை. நாலு நாள் ஓடினால் பெயின்ட் நசுங்கும், வளைவு நிமிரும், நட்டு தானே லூஸாகும்.

எல்லாவற்றையும் கழற்றுங்கள். அச்சு உட்காரும் காடியின் உள்முகம், வெளிமுகம் இரண்டிலும் பெயின்டை அரத்தால் சுரண்டி இரும்பு தெரிய விடுங்கள். கம்பிகளின் காதுகளைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்குங்கள். மாட்டும்போது பல் வெட்டிய வாஷர் ஒன்று ஃபிரேமை நேராகக் கடிக்கிற மாதிரி முதலில் வரட்டும். ஸ்டாண்டும் கேரியரும் அதற்கு வெளியே. மட்கார்டு கம்பிக்கு ஃபிரேமில் தனித் துளை இருந்தால் அதை அங்கே மாற்றிவிடுங்கள். மரையில் (நட்டு சுற்றி ஏறும் திருகுப் புரியில்) ஒரு சொட்டு எண்ணெய் விடலாம், ஆனால் கடிக்க வேண்டிய முகங்களில் எண்ணெய்ப் பசையே கூடாது. நம் பட்டறைகளில் பலரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

பைப்பை ஓரமாக வையுங்கள். ஒரு அடி ஸ்பேனரின் நுனியில் 10–12 கிலோ அழுத்தம் போதும். பைப் போட்டு முறுக்கியதில் மரை இழுபட்டிருக்கலாம். நட்டு இறுகாமல் கொழகொழவென்று சுற்றினால் அச்சையும் நட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நட்டை மட்டும் மாற்றினால் பழைய மரை புது நட்டையும் கெடுக்கும்.

பிளஸ் ஒன் படிக்கும் மகளின் சைக்கிளில் செயின் அடிக்கடி தொங்குகிறது. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் வீலைப் பின்னால் தள்ளி டைட் செய்கிறார். வீல்தான் நகர்கிறதா? – விருதுநகரிலிருந்து ஓர் அம்மா

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் அக்கா. கண்டுபிடிக்கச் செலவே கிடையாது. அடுத்த முறை டைட் செய்ததும், வாஷரின் ஓரத்தை ஒட்டி ஃபிரேமில் நகப்பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். மறுபடி செயின் தொங்கும்போது கோடு இருந்த இடத்திலேயே இருந்தால் வீல் நகரவில்லை. செயின் தேய்ந்து நீண்டிருக்கிறது. புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கும். அது ஒரு நூல் கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டியதுதான், பின்சக்கரத்தில் செயின் ஓடும் பிரீவீலின் பல்லையும் ஒரு பார்வை பாருங்கள்.

செயின் அட்ஜஸ்டர் (அச்சைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் குட்டி போல்ட்) போட்டால் பிரச்சினை தீருமா? வலது பக்கம் மட்டும் போதுமா?

இழுப்பு வலது பக்கம் என்பதால் அங்கே ஒன்று கட்டாயம். இடது பக்கமும் இருந்தால் வீலை நடுவில் நிறுத்த வசதி. ஆனால் அட்ஜஸ்டர் இருக்கிற தைரியத்தில் நட்டை அரைகுறையாக விட்டால் அதன் சின்ன மரைதான் முதலில் போகும்.

பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள் வாங்கினேன். பின்னால் குயிக் ரிலீஸ், அதாவது நட்டுக்குப் பதில் லீவரை மடக்கி இறுக்கும் அமைப்பு. மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் வீல் பிடுங்கிக்கொண்டு வருகிறது. லீவரை இதற்கு மேல் இறுக்க முடியவில்லை. – சென்னை, கல்லூரி மாணவன்

தம்பி, லீவரின் கேம் (மடக்கும்போது அமுக்கம் தருகிற உருண்டைத் துண்டு) எங்கே இருக்கிறது என்று முதலில் பார். வெளியே தெரிகிற மாதிரி, அடியில் பிளாஸ்டிக் துண்டோடு இருந்தால் அந்த லீவர் செட்டையே மாற்றிவிடு. அந்த ரகம் செங்குத்துக் காடிக்குச் சரி. உன் வண்டியில் காடி கிடைமட்டமாக, முன்பக்கம் திறந்து இருக்கும், இழுப்பும் முன்பக்கம்தான். கேம் உள்ளே மூடியிருக்கிற, கடிக்கும் முகத்தில் இரும்புப் பல் உள்ள ஸ்கியூவர் (அச்சின் துளை வழியே போகும் லீவர் கம்பி) போடு. அலுமினியப் பல் மழுங்கிவிடும்.

இன்னொன்று. வீலைக் காடியில் வைத்து, ஸ்கியூவரை எடுத்துவிட்டு அச்சின் முனையைப் பார். அது ஃபிரேமின் வெளிமுகத்தைத் தாண்டி அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும், லீவர் அச்சைத்தான் அமுக்கும், ஃபிரேமைத் தொடாது. அந்த நீட்டலை அரத்தால் எடுத்துவிடு. காடியின் பின்னால் இருக்கும் குட்டி ஸ்குரூவை நம்பாதே. அது வீல் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டும், முன்னால் போவதைத் தடுக்காது.

என் கியர் சைக்கிளில் காடி செங்குத்துதான். ஆனாலும் வீல் கோணலாக நிற்கிறது.

அது நகரவில்லை, சரியாக உட்காரவில்லை. சைக்கிளைத் தலைகீழாக வைத்து மாட்டியிருப்பீர்கள். தரையில் நேராக நிறுத்தி, லீவரைத் தளர்த்தி, சீட்டை ஓர் அழுத்து அழுத்தி மறுபடி மூடுங்கள்.

பேசாமல் நட்டை வெல்டிங் வைத்துவிட்டால்?

வைக்கலாம். அடுத்த பஞ்சருக்கு டியூப் மாற்ற வெல்டரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

வழியில் நகர்ந்துவிட்டால், கையில் நல்ல ஸ்பேனரும் இல்லையென்றால்?

காடி பின்பக்கம் திறந்த வண்டி என்றால் ஒரு வழி இருக்கிறது. நட்டைத் தளர்த்தும் அளவுக்காவது ஏதாவது கிடைக்க வேண்டும். வீலைப் பின்னால் இழுத்து, வலது பக்கக் காடியில் அச்சுக்கு முன்னால் விழும் இடைவெளியில் பொருந்துகிற போல்ட் ஒன்றைச் செருகி, அதன் நட்டை மாட்டிவிடுங்கள். அச்சு அதில் முட்டி நின்றுவிடும். பிறகு முடிந்த அளவு அச்சு நட்டை இறுக்கி, சீட்டில் உட்கார்ந்தபடியே மெதுவாக மிதியுங்கள்; மேடு வந்தால் இறங்கித் தள்ளிவிடுங்கள். பின்பிரேக் கட்டை டயரில் படாமல் ரிம்மில்தான் படுகிறதா என்று கிளம்பும் முன் ஒருமுறை பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.